சாந்தமும் மனத்தாழ்மையும் – கிறித்தவ அறவியல் நோக்கு

முன்னுரை

கிறித்தவ வாழ்வின் தலையாய பண்புகளாகச் சாந்தமும் மனத்தாழ்மையும் போற்றப்படுகின்றன. அநீதியை எதிர்க்காது அடங்கிப்போதலே இவற்றின் பொருள் என்னும் கருத்தும் வழக்கில் உண்டு. அக்கருத்து விவிலியத்திற்கு ஏற்புடையதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாந்தம்

மலைப்பொழிவில் (மத்தேயு 5:5) வரும் ‘பிரயுஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் பொருளைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘சாந்தகுணம்’ என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘கனிவு’ என்றும் தருகின்றன. இப்பண்பினை அரிஸ்டாட்டில் சினத்தின் மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட நடுநிலையாகக் கொண்டார். எனவே சினமின்மை சாந்தமன்று. சினத்தை ஆளுதலே சாந்தம் எனலாம். மாந்தர் அனைவரினும் சாந்தமிக்கவர் என எண்ணாகமம் (12:3) குறிக்கும் மோசேயே, பார்வோன்முன் நின்று தம் மக்களின் விடுதலையைக் கோரியவர். மறுகன்னத்தைக் காட்டுமாறு போதித்த இயேசுவும், விசாரணையின்போது காவலன் அறைந்ததற்குக் காரணம் கேட்டார் (யோவான் 18:23). அவர் திருப்பி அடிக்கவில்லை. வாய்மூடி இருக்கவும் இல்லை.

மனத்தாழ்மை

‘தபெய்னோஸ்’ என்னும் சொல் கிரேக்க வழக்கில் பெரும்பாலும் இழிநிலையையே சுட்டியது. அதனை அறமாக்கிய புதிய ஏற்பாடு, இறைநிலையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கியதையும் (பிலிப்பியர் 2:5-8), ஆசிரியர் சீடரின் காலடிகளைக் கழுவியதையும் (யோவான் 13) முன்வைக்கிறது. இரண்டிலும் தாழ்பவர் உயர்நிலையினர். அத்தாழ்வும் அவரே விரும்பி ஏற்றது. தன்னைத் தாழ்த்திக்கொள்ளுதல் வேறு, பிறரால் தாழ்த்தப்படுதல் வேறு.

தமிழகத் திருச்சபை வரலாறும் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துகிறது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என ஆணையிட்டார். தஞ்சை முதலிய இடங்களில் உயர்சாதிக் கிறித்தவர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அங்கே மனத்தாழ்மை எவரிடம் வேண்டப்பட்டது, எவர் மறுத்தனர் என்பது நோக்கத்தக்கது. பணிவு எல்லார்க்கும் நன்றே எனினும் செல்வர்க்கே அது மேலும் ஒரு செல்வமாகும் என்னும் வள்ளுவர் கருத்தும் (குறள் 125) இங்கு ஒப்புநோக்கற்குரியது.

முடிவுரை

சாந்தம் அனைவர்க்கும் உரியது. நீதிக்காகப் போராடுவோரையும் பகைமையிலிருந்து அது காக்கிறது. மனத்தாழ்மையோ முதற்கண் உயர்ந்தோரின் கடமை. ஆகவே, ஒடுக்குவோரை விடுத்து ஒடுக்கப்பட்டோரிடம் மட்டும் பணிவை வேண்டும் போதனை, விவிலியச் சொற்களைக் கையாளினும் விவிலிய அறமாகாது.