சிற்றிலும் சிறுதேரும்

சேலத்திலும் நாமக்கல்லிலும் டேங்க் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். மொட்டைமாடியில் கறுப்பாக நிற்பது, ஊர் நடுவே தூண்களின் மேல் நிற்பது, எப்போது நிரம்பும் எப்போது காலியாகும் என்று பெண்கள் மனக்கணக்கு வைத்திருப்பது. நாமக்கல்லில் டேங்கர் என்றால் சமையல் எரிவாயு ஏற்றிப்போகும் லாரி. போர்க்கருவிக்கு இந்தப் பெயர் வந்ததும் தண்ணீரால்தான். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் இந்தக் கவச வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். கேட்பவர்களிடம் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பொய்யாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

அந்த டாங்கியைச் சிறிதாகச் செய்து, அதற்கு ஒரு தரையும் பின்னணியும் அமைத்து, கண்காட்சியில் வைக்கும் கலை ஒன்று உண்டு. டயோரமா என்பார்கள். பரவலான அளவு முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அந்த எண்ணுக்கும் போருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் ஜெர்மன் டாங்கிப் பொம்மை ஒன்றை வடிவமைத்தது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக உடலின் அளவை முடிவுசெய்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது நிஜ வண்டியில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அதுவே உலகமெங்கும் வழக்கமாகிவிட்டது. நம் ஆவடித் தொழிற்சாலையில் அஜேயா என்ற பெயரில் தயாரான டி-72 டாங்கி, குழாயோடு சேர்த்து ஒன்பதரை மீட்டர் நீளம். முப்பத்தைந்தால் வகுத்தால் இருபத்தேழு சென்டிமீட்டர். வாழை இலையின் நுனியில் வைத்துவிடலாம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி அப்படி ஒன்றைச் செய்தாள். அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். பட்டி பூசுவது, எமரி தாளால் தேய்ப்பது, ஸ்ப்ரே அடிக்கும்போது கையை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதெல்லாம் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே பார்த்துப் பார்த்துத் தெரியும். பட்டறைக்குள் அவளை வேலைக்கு விடமாட்டார்கள், அது வேறு கதை. கல்லூரிக் கண்காட்சிக்கு முந்தைய வாரம் கேட்டாள்: “மிஸ், பொண்ணு போயி சண்டை பொம்மை செய்யறதான்னு வீட்டுல அக்கா கேக்கறாங்க. நீங்க பெண்ணியம் எல்லாம் பேசறீங்களே, இது தப்புங்களா?”

இந்தக் கேள்விக்கு நம் வட்டாரங்களில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, ஆண் செய்யும் எதையும் பெண்ணும் செய்யலாம், செய் என்பது. இன்னொன்று, உயிரைத் தருகிறவள் பெண், உயிரை எடுக்கும் கருவியோடு அவளுக்கு என்ன வேலை என்பது. இரண்டுமே எனக்குப் போதவில்லை.

முதல் பதிலுக்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. ஹெச். ஜி. வெல்ஸ் 1903இல் எழுதிய ஒரு கதையில், டாங்கி பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, தரையில் ஊர்ந்துவரும் இரும்புக் கப்பல்களைக் கற்பனை செய்தார். 1913இல் அவரே பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். அதன் நீண்ட தலைப்பிலேயே, இது பன்னிரண்டு முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்கானது என்று சொல்லிவிட்டு, பையன்களின் விளையாட்டை விரும்பும் கூடுதல் அறிவுள்ள பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார். பெருந்தன்மைதான். உள்ளே வரலாம், ஆனால் ஆட்டம் அவர்களுடையது, விதியும் அவர்களுடையது. நம் ராணுவத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்னது. 2023இல் பீரங்கிப் படையில் பெண் அதிகாரிகள் சேர்ந்தார்கள். டாங்கிப் படையின் கதவு அப்போதும் சாத்தியே இருந்தது. அது திறந்தால் நான் வருத்தப்பட மாட்டேன். திறப்பதோடு கேள்வி தீராது என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது பதில் இன்னும் ஆபத்தானது. பெண் இயல்பிலேயே சமாதானப் பிராணி என்று ஒப்புக்கொண்டால், அவள் இயல்பிலேயே அடுப்படிப் பிராணி என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இரண்டும் ஒரே தறியில் நெய்தவை. நம் வரலாறும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர் தகடூர். இன்றைய தருமபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அதை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவை. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். அங்கே அவர் சொன்னதாகப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு இருக்கிறது. இங்கே ஆயுதங்கள் மயில்தோகை சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள வீட்டில் இருக்கின்றன; அங்கே எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லன் உலைக்களத்துச் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன. பாட்டின் பொருள் இவ்வளவுதான். புகழ்வது போல இகழ்வது என்று வகுப்பில் சொல்லித்தருவோம். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். தமிழில் ஆயுதக் கண்காட்சி ஒன்றைச் சுற்றிப் பார்த்துக் கருத்துச் சொன்னவர் ஒரு பெண். அந்தப் பெண் போருக்கு வெளியே நிற்கவில்லை. அவருக்கு ஒரு பக்கம் இருந்தது.

டாங்கி டயோரமா செய்கிறவர்களும் ஔவையின் பக்கம்தான். புதிதாகப் பளபளக்கும் டாங்கியை அவர்கள் மதிப்பதில்லை. அதைப் பழசாக்குவதில்தான் திறமை. முதலில் துரு நிறம் அடிப்பார்கள், அதன் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடிப்பார்கள், அதற்கு மேல் பச்சை வண்ணம். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் பச்சை அங்கங்கே உரிந்து உள்ளிருக்கும் துரு தெரியும். எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மூட்டு இடுக்குகளில் வழிய விடுவார்கள். சங்கிலிப் பட்டையில் சேறு அப்புவார்கள். என் மாணவி ராசிபுரத்துச் செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்து, பசையில் குழைத்துப் பூசியிருந்தாள். ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம், ஆறிலும் வேறு வேறு அளவில் தேய்மானம். நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனதாகச் சொன்னாள்.

இங்கே நேரம் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். பொழுதுபோக்கு என்ற சொல்லில் முதலில் பொழுது வேண்டும். சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் வீடுகளில் பெண்கள் கடுகளவு வளையத்தைப் பற்றவைத்துச் சலங்கை கோக்கிறார்கள். கையின் நிதானத்தில் எந்த டயோரமாக்காரருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நவராத்திரிக் கொலுவில் மணல் பரப்பி, கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டால் குளம் வைத்துப் பூங்கா அமைக்கிற பெண்களும் அப்படியே. ஒன்றுக்குக் கூலி என்று பெயர், இன்னொன்றுக்குச் சடங்கு என்று பெயர். கலை என்று பெயர் கிடைப்பது ஆணின் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

அவள் செய்த காட்சிக்குத் திரும்புகிறேன். டாங்கிக்குப் பக்கத்தில் இடிந்த வீடு ஒன்று இருந்தது. தெர்மாகோலைக் கிள்ளி, சுவர்போல் வண்ணம் அடித்தது. டாங்கியில் ஒவ்வொரு திருகும் தெரிந்தது. வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை. “இது யார் வீடும்மா?” என்று கேட்டேன். “சும்மா ஒரு வீடுங்க மிஸ், டாங்கி வந்த மாதிரி தெரியணுமில்லீங்களா.”

பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு இந்த வீடு அந்நியமாக இருக்காது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுகிறார்கள். பாட்டுத் தலைவனாகிய ஆண்குழந்தை அதைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுகிறார்கள். அடுத்து அவன் பறை கொட்டுகிறான், அதற்கடுத்துத் தேர் உருட்டுகிறான். நூற்றாண்டுகளாக இதை அழகு என்று பாடிவந்திருக்கிறோம். பெண்பால் பிள்ளைத்தமிழில் அவள் யார் வீட்டையும் சிதைப்பதில்லை. அம்மானை ஆடுகிறாள், ஊஞ்சல் ஆடுகிறாள். வீட்டைக் கட்டியவர்களின் பெயர் எந்தப் பிள்ளைத்தமிழிலும் கிடையாது. அவன் சிதைத்தான் என்று தெரிவதற்காகத்தான் அந்த வீடே பாட்டுக்குள் வருகிறது.

என் ஆட்சேபம் இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினேன் என்று டயோரமா சொல்கிறது. அளவு சுருங்கியது ஒரே விகிதத்தில் என்பது உண்மை. கவனம் அப்படிச் சுருங்கவில்லை. இயந்திரத்துக்கு நாற்பது மணி நேரம், வீட்டுக்கு அரை மணி நேரம். கடையில் விற்கும் பெட்டியிலும் பெரும்பாலும் சிப்பாய் பொம்மைதான் வரும். ஐந்தடிப் பெண் வேண்டுமென்றால் நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீங்களே பிசைந்து செய்துகொள்ள வேண்டும். ஒரு பொருளைக் கூர்ந்து பார்ப்பது நற்பண்பு என்று நாம் சொல்கிறோம். ஒன்றைக் கூர்ந்து பார்ப்பதாலேயே பக்கத்தில் இருப்பது மங்கிப்போவதும் உண்டு. துருவின் அழகில் தோய்ந்த கண், துரு எப்படி வந்தது என்று கேட்பதில்லை. ஔவையின் பாட்டிலும் அப்படித்தான்: முனை சிதைந்தது தெரிகிறது, அது சிதைந்த உடம்புக்கு முகமில்லை.

நிஜ அளவிலும் இதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலையில் ஆனையிறவில் துருப்பிடித்த புல்டோசர் ஒன்று நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், மண் தள்ளும் வண்டிக்கு இரும்புத் தகடுகளைப் பொருத்திக் கவச வண்டியாக்கி அனுப்பினார்கள். காமினி குலரத்ன என்ற இலங்கைச் சிப்பாய் அதன் மேல் ஏறிக் குண்டு வீசி அதைச் செயலிழக்கச் செய்து இறந்துபோனார். சின்னம் அவருக்கு. தகட்டைப் பற்றவைத்தவர்களின் வேலை எப்படிப்பட்டது என்று திருச்செங்கோட்டுப் பட்டறைக்காரர் யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். வெற்றிபெற்றவர்கள் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். தோற்றவர்கள் வென்றிருந்தால் வேறொன்றை வைத்திருப்பார்கள். இரண்டு பக்கத்துக் காட்சியிலும் வராதது அந்தத் தரை. அங்கே உப்பளம் இருந்தது. உப்பு அள்ளி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். 2017இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவில் பெண்கள் ராணுவ முகாமின் வாசலில் நாள்கணக்காக, மாதக்கணக்காக உட்கார்ந்து கேட்டதும் வண்டியை அல்ல, உள்ளே மாட்டிக்கொண்ட தங்கள் வீட்டையும் காணியையும்தான். எந்த இடத்தில் கிணறு, எந்த இடத்தில் மாமரம் என்று அந்தப் பெண்களால் சொல்ல முடியும். போர் அருங்காட்சியகம் எதிலும் அந்த வரைபடம் மாட்டப்பட்டதில்லை.

அப்படியானால் சிறியதாகச் செய்யும் கலையே பொய்யா? இல்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெண்ணின் உதாரணம் இருக்கிறது. பிரான்சஸ் கிளெஸ்னர் லீ, 1878இல் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அவரைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. 1940களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, புலனாய்வுப் பயிற்சிக்காகப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் மரணக் காட்சிகளைச் செய்யத் தொடங்கினார். சமையலறை, படுக்கையறை, சின்னச் சின்ன ஜன்னல் திரை, குண்டூசி பருமன் ஊசியில் பின்னிய காலுறை, தரையில் கிடக்கும் பிணம். பல காட்சிகளில் இறந்துகிடப்பவள் பெண், அதுவும் தன் சொந்த வீட்டுக்குள். போலீஸ்காரர்கள் அந்த வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தால்தான் எப்படிச் செத்தாள் என்று கண்டுபிடிக்க முடியும். எந்த வீட்டுவேலை பெண்ணுக்குரியது என்று ஒதுக்கப்பட்டதோ, அந்த வேலையின் கண்ணை அவர் சாட்சியாக்கினார். அடுப்பில் என்ன இருந்தது, துணி காய்ந்திருந்ததா, கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது. வாளையோ துப்பாக்கியையோ செய்வதற்கு எடுத்துக்கொண்ட அதே பொறுமையை ரொட்டித் துண்டுக்கும் கொடுத்தார்.

அதனால் என் மாணவியிடம் டாங்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் என்ன இருந்தது என்று யோசித்துச் செய் என்றேன். முகத்தைச் சுளித்தாள், இன்னும் நாற்பது மணி நேரம் ஆகுமே. ஆனால் மறுநாள் அளவோடு வந்தாள். ஒன்றரை அடி அம்மி ஒன்றே கால் சென்டிமீட்டர். குடம் ஒரு சென்டிமீட்டர். உரிக் கயிறுக்குப் பட்டு நூல் ஓர் இழை. வீட்டில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் அவளால் முடிவு செய்ய முடியவில்லை. ஓடிப்போய்விட்டார்கள் என்று வைக்கலாமா, சின்னதாக ஒரு பாட்டி வைக்கலாமா என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆளே வைக்கவில்லை. வாசலில் ஒரே ஒரு செருப்பு வைத்தாள். கண்காட்சிக்கு வந்த பையன்கள் டாங்கியின் மாடல் எண்ணைக் கேட்டார்கள். பெண்கள் குனிந்து அம்மியைப் பார்த்தார்கள். இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் நிரூபித்துவிட முடியாது என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

அவள் இப்போது இயந்திரவியல் பட்டயப் படிப்பில் சேரப் பார்க்கிறாள். 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு மையம். தொடங்கிவைத்தவர் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். அந்த வழியில் ஒருநாள் அவளுக்கு வேலை கிடைக்கலாம். கிடைத்தால் அவள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அங்கே விகிதம் ஒன்றுக்கு ஒன்று. கையில் வருவது முழு வண்டியாக இருக்காது, ஒரு பல்சக்கரமோ ஓர் அச்சோ. மேசைமேல் அதன் வரைபடம் இருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளவு எழுதியிருக்கும். அது எந்தத் தரைமேல் ஓடப்போகிறது என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் இருக்காது.