கடல் தராத மருந்து

வடகடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறைமேடு. அதன் இரு பக்கமும் பிறை வடிவில் இரண்டு விரிகுடாக்கள். மேட்டின் உச்சியில் இடிந்த கோட்டை. அடியில் மீன்பிடித் துறைமுகம். தெற்குக் கரை நெடுகிலும் விடுதிகள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள ஸ்கார்பரோ இது. கடலுக்குப் போனால் உடம்பு தேறும் என்ற எண்ணத்தை அந்த நாட்டுக்குப் பழக்கிய ஊர்களில் முதன்மையானது.

ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக மனிதர்கள் இந்தக் கரைக்கு வந்து எதையோ கேட்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஊரைச் சுற்றி வரும்போது இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. கோயில் குளங்களில் வேண்டுதலோடு நின்று பழகிய நமக்கு அது புதிய கேள்வி அல்ல.

கதை ஓர் ஊற்றிலிருந்து தொடங்குகிறது. 1620களில், தெற்குக் கரையில் மலைச்சரிவின் அடியில் கசிந்த நீர், தான் ஓடிய கற்களையெல்லாம் செம்பழுப்பாக்கியிருந்தது. ஊர்ப் பெண்மணி ஒருவர் அதைக் கவனித்தார். குடித்துப் பார்த்தார், கசந்தது. கசப்பதெல்லாம் மருந்து என்று எந்த ஊர் மனமும் எளிதில் நம்பிவிடும். மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். 1660-இல் ராபர்ட் விட்டி என்ற மருத்துவர் அந்த நீரின் பெருமையைப் பேசும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். 1667-இல் வந்த பதிப்பில் கடல்நீராட்டையும் மருந்தாகச் சேர்த்துக்கொண்டார். ஊற்றுநீர் உள்ளுக்கு, உப்புநீர் வெளிக்கு. 1730களில் வரையப்பட்ட இந்தக் கரையின் படம் ஒன்றில், குளிப்பவரை நீர் விளிம்புவரை கொண்டுபோய் விடும் சக்கர வண்டியைக் காணலாம். 1845-இல் யார்க் நகரிலிருந்து ரயில் வந்தது. அதுவரை வசதி படைத்தவர்கள் மட்டும் கேட்டு வந்ததை, பிறகு எல்லோரும் கேட்டு வந்தார்கள்.

ஆனால் விட்டியின் முதல் பதிப்புக்கும் அந்தப் பிந்தைய பதிப்புக்கும் நடுவில், இதே ஊரில், இதே கடலுக்கு முன்னால் இன்னொரு மனிதர் இருந்தார். அவர் எதையும் கேட்டு வரவில்லை. அவரைக் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள்.

அவர் பெயர் ஜார்ஜ் ஃபாக்ஸ். குவேக்கர்கள் என்று அழைக்கப்படும் நண்பர்கள் சபைக்கு வித்திட்டவர். இறைவனை அறியக் குருமார் நடுவில் நிற்க வேண்டியதில்லை, ஒவ்வோர் உயிருக்குள்ளும் அவன் ஒளி இருக்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னவர். எதற்காகவும் சத்தியப் பிரமாணம் செய்யமாட்டேன் என்று மறுத்தவர். எப்போதும் உண்மையே பேசுகிறவன் ஒரு நாள் மட்டும் ஆணையிட்டு உண்மை பேசுவானேன் என்பது குவேக்கர்களின் நியாயம். 1665-இல் லங்காஸ்டர் கோட்டைச் சிறையிலிருந்து அவரை ஸ்கார்பரோ கோட்டைக்கு மாற்றினார்கள்.

மழை உள்ளே விழும், புகை மண்டும் திறந்த அறை. மழையையும் புகையையும் தடுக்கத் தம் கைக்காசிலிருந்து சுமார் 50 ஷில்லிங் செலவழித்து அந்த அறையைச் சரிசெய்துகொண்டார். இருக்கத்தக்கதாக ஆனதும் அதைவிட மோசமான, அடுப்பு மூட்டவும் வழியில்லாத, கடலைப் பார்த்தபடி திறந்து கிடந்த வேறோர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். காற்று மழையை உள்ளே அடித்துத் தள்ளும், படுக்கை நனையும், தரையில் தண்ணீர் ஓடும். குளிரில் விரல்கள் வீங்கி இரட்டை விரல் பருமன் ஆயின என்று தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இதை வாசித்துவிட்டுக் கோட்டை மேட்டில் நின்றால் மனம் சற்றுத் தடுமாறுகிறது. கீழே விரிகுடாவில் ஒரு மருத்துவர் எந்தக் கடலைப் பரிந்துரைத்தாரோ, அதே கடல்தான் மேலே ஒரு கைதியின் படுக்கையை நனைத்தது. காற்றும் அதே காற்று. கடல் கருணையும் காட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. அது தன் போக்கில் இருந்தது. மருந்து, தண்டனை என்ற பெயர்களெல்லாம் கரையில் நிற்பவர்கள் சூட்டியவை. நம் வாழ்வில் வந்து போகிற பலவற்றுக்கும் இப்படித்தான் பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஃபாக்ஸ் கடலோடு சண்டையிடவில்லை, காவலர்களோடும் இல்லை. தம் நிலையிலிருந்து இம்மியும் அசையவும் இல்லை. காலம் செல்லச் செல்லக் கோட்டைத் தலைவரின் மனம் இளகிற்று. 1666 செப்டம்பர் முதல் நாள் அரசாணையின்படி ஃபாக்ஸ் விடுதலையானார். அண்மைக்காலத்தில் காட்டிய அன்புக்காகத் தலைவருக்கு ஏதாவது கொடுக்க விரும்பினார். தலைவர் வாங்க மறுத்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் ஒருவரை அடைத்து வைத்தவருக்கும் அடைபட்டவருக்கும் இடையில், கணக்கு எதுவும் மிச்சமில்லாமல் அந்தப் பிரிவு நடந்தது. மறுநாள் லண்டன் மாநகரில் பெருந்தீ மூண்டது. அந்த நகரம் எரிந்துகொண்டிருந்தபோது, அவர் மழை நனைத்த அறையிலிருந்து வெளியே வந்திருந்தார்.

குவேக்கர்களின் வழிபாட்டில், அவர்களுடைய பழைய முறைப்படி, பாட்டும் பூசையும் உரையும் இல்லை. வட்டமாகவோ எதிரெதிராகவோ அமர்ந்து மௌனமாகக் காத்திருக்கிறார்கள். உள்ளிருந்து ஏதாவது எழுந்தால் ஒருவர் எழுந்து பேசுவார். எழாவிட்டால் இல்லை. முடிவில் பக்கத்திலிருப்பவரின் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் புறப்படுவார்கள். சும்மா இருப்பதே சுகம் என்று நம் சித்தர்களும் ஞானியரும் காட்டிய வழியிலிருந்து இது வெகுதூரத்தில் இல்லை. ஒரு வேறுபாடு உண்டு. இங்கே சும்மா இருத்தல் தனியாக நடப்பதில்லை. அது பக்கத்திலிருப்பவரின் கையில் போய் முடிகிறது.

கோட்டையிலிருந்து இறங்கும் வழியில் புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லுக்கு முன்னால் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். நாவலாசிரியை ஆன் பிராண்டி அங்கே துயில்கிறார். ஹாவர்த் ஊரிலுள்ள குடும்பக் கல்லறையை விட்டுத் தள்ளி, பிராண்டி சகோதர சகோதரிகளில் தனியாக அடக்கமானவர் அவர் ஒருவரே.

ஆனுக்கு ஸ்கார்பரோ முன்பே பழக்கம். ஒரு செல்வந்தர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக இருந்தபோது, கோடைகளில் அந்தக் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கியிருக்கிறார். 1848 செப்டம்பரில் அண்ணன் போனார், டிசம்பரில் அக்கா எமிலி. அடுத்த ஆண்டு காசநோய் ஆனையும் பிடித்தது. ஞானத்தாய் விட்டுச்சென்ற பணம் கொஞ்சம் கையில் இருந்தது. கடற்காற்றுப் பட்டால் ஒருவேளை தேறலாம் என்று புறப்பட எண்ணினார். அந்த ஏப்ரலில் தோழிக்கு எழுதிய கடிதத்தில் சாவைக் குறித்து அச்சமில்லை என்கிறார். உலகத்துக்குச் சிறிதாவது நன்மை செய்துவிட்டுப் போக ஆசை இருப்பதையும், பிறகு எல்லாம் இறைவன் சித்தம் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஆசையை மறைக்கவும் இல்லை, அதைக் கொண்டு இறைவனை நெருக்கவும் இல்லை. பிரார்த்தனை இதைவிட நேர்மையாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

1849 மே 25 அன்று அக்கா ஷார்லட்டும் தோழியும் உடன்வர ஸ்கார்பரோ வந்து சேர்ந்தார். மறுநாள் கடற்கரை மணலில் கழுதை வண்டியில் சவாரி போனார். வண்டிக்காரச் சிறுவன் கழுதையை அளவுக்கு மீறி ஓட்டிவிடுவானோ என்று அஞ்சி, கடிவாளத்தைத் தாமே வாங்கிக்கொண்டார். தோழி வந்து பார்த்தபோது, கழுதையை நல்லபடி நடத்த வேண்டும் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்குப் பின் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். 28-ஆம் தேதி மருத்துவரை அழைத்து, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டார். நேரம் நெருங்கிவிட்டது என்றார் அவர். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, அழுத அக்காவுக்குத் தைரியம் சொல்லிப் பிரிந்தார். வயது 29. கல்லில் 28 என்று பொறித்துவிட்டார்கள். கடற்காற்று அந்த எழுத்தையும் இன்று வெகுவாகத் தின்றுவிட்டது.

ஆன் கேட்டு வந்தது கிடைக்கவில்லை. மருத்துவக் கணக்கில் அந்தப் பயணம் தோல்வி. ஆனால் கடற்கரை மணலில் நடந்த அந்த நிகழ்ச்சியை எந்தக் கணக்கில் எழுதுவது? மூச்சுவிடவே சிரமப்பட்ட ஓர் உடம்பு, தன் மூச்சை மறந்து, பாரம் இழுக்கும் ஒரு பிராணியின் மூச்சை நினைத்தது. நோய் நம்மை நமக்குள் சுருக்கிவிடும். வலிக்கும் பல்லைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்றாகிவிடும். அந்தச் சுருக்கத்திலிருந்து ஒருவர் வெளியே வந்துவிட்டாரென்றால், உடம்பில் என்ன நடந்தாலும் அவர் நலமாகவே இருக்கிறார்.

ஆன் உயிர் நீத்த விடுதி இன்று இல்லை. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் 1867-இல் கிராண்ட் ஹோட்டலைத் திறந்தார்கள். பருவங்களுக்கு நான்கு கோபுரங்கள், மாதங்களுக்குப் பன்னிரண்டு தளங்கள், வாரங்களுக்கு 52 புகைபோக்கிகள், நாட்களுக்கு 365 படுக்கையறைகள் என்று ஓர் ஆண்டு முழுவதையும் கட்டடமாக்கும் திட்டம். ஒருத்தியின் கடைசி நான்கு நாள் கழிந்த இடத்தில் 365 நாளைக் கல்லில் நிறுத்த ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் இங்கே நிலமே நிற்பதில்லை. 1737-இல் மலைச்சரிவு சரிந்து ஊற்றுவாயையே மூடிற்று. பிறகு தேடித்தான் நீரை மீட்டார்கள். 1993 ஜூன் மாதத்தில் தெற்குச் சரிவின் களிமண் நகர்ந்து, ஹோல்பெக் ஹால் என்ற விடுதியின் தோட்டம் போயிற்று, பிறகு கட்டடமே சரிந்தது. தங்கியிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். எந்தக் கரையிடம் நிலையான நலத்தைக் கேட்டு நின்றோமோ, அந்தக் கரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த ஊர், 2022-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு காரியம் செய்தது. துருவப் பகுதியிலிருந்து வழிமாறி வந்த வால்ரஸ் ஒன்று துறைமுகத்தின் சாய்தளத்தில் ஏறிப் படுத்துக்கொண்டது. நெடுந்தூரம் நீந்தி வந்த களைப்பு. மறுநாள் இரவு புத்தாண்டு வாணவேடிக்கைக்கு எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. வெடிச்சத்தம் அந்தப் பிராணியைக் கலக்கிவிடும் என்று நகராட்சி வாணவேடிக்கையை நிறுத்திவிட்டது. புத்தாண்டு பிறக்குமுன்பே அது எழுந்து கடலுக்குத் திரும்பியும் விட்டது. வீணான தியாகம் என்று சிலருக்குப் படலாம். பயன் பார்த்துச் செய்தது அல்ல என்பதுதான் அதன் அழகு. உடல்நலத்தை விற்றுப் பிழைத்த ஊர், ஓர் இரவு, இன்னோர் உயிரின் ஓய்வைத் தன் கொண்டாட்டத்துக்கு முன்னால் வைத்தது.

வேண்டுதலே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வலி உள்ளவர் கேட்கத்தான் செய்வார், ஆனும் கேட்டார். கேட்பதில் குறையில்லை. கேட்டதைக் கடலிடமோ கோயிலிடமோ ஒப்படைத்துவிட்ட பிறகு, கை காலியாகிறது. பெரும்பாலும் அந்தக் காலிக் கையைப் பிசைந்துகொண்டே பதிலுக்குக் காத்திருக்கிறோம். ஃபாக்ஸின் வழியில் வந்தவர்கள் மௌனத்தின் முடிவில் அதைப் பக்கத்திலிருப்பவருக்கு நீட்டுகிறார்கள். ஆன் அதில் ஒரு கடிவாளத்தை வாங்கிக்கொண்டார். பதில் வருகிறதோ இல்லையோ, காத்திருக்கும் நேரத்தில் அந்தக் கையால் செய்யக்கூடியது எப்போதும் அருகிலேயே இருக்கிறது. அதற்கு உடம்பு தேறும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை.