துணியின் மறுபக்கம்

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகார்த்தாவின் மாலியோபோரோ வீதியில் நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடக்கிறோம். கையில் ஒரு பட்டியல். அத்தைக்கு ஒன்று, பக்கத்து வீட்டாருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு நான்கைந்து. பயணம் போனவர் வெறுங்கையோடு வீடு வரக் கூடாது என்பது நமக்குச் சிறு வயதிலேயே பழகிவிட்ட ஒழுக்கம். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அன்பைப் பட்டியலாக்கி வைத்துக்கொண்டு கடை ஏறும்போது, கண் பொருளைப் பார்ப்பதில்லை; எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது.

அந்த வீதியிலுள்ள பெரிங்ஹார்ஜோ சந்தையில், நான் எடுத்து வைத்த பாத்திக் துணியை ஒரு முதிய கடைக்காரம்மா வாங்கி, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. இயந்திரத்தில் அச்சடித்த துணி. பிறகு உள்ளே இருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து விரித்தார். அதையும் திருப்பினார். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விலை மட்டும் முதல் துணியைப் போலப் பல மடங்கு.

இந்த இரண்டாவது வகைத் துணியைப் ‘பாத்திக் துலிஸ்’ என்கிறார்கள். துலிஸ் என்றால் எழுதுவது. நமக்கும் அந்த வினை அந்நியமில்லை. கண்ணுக்கு மை எழுதுகிறோம், சுவரில் ஓவியம் எழுதுகிறோம். ஜாவாவின் பெண்கள் சாந்திங் என்ற சிறு செப்பு மூக்குக் கருவியில் உருகிய மெழுகை முகந்து, ஆறுவதற்குள் கோடாக இழுக்கிறார்கள். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஒரு பக்கம் முடிந்ததும் துணியைத் திருப்பி, ஊடுருவித் தெரியும் அதே கோட்டின் மேல் மீண்டும் எழுதுகிறார்கள். பிறகுதான் அவுரித் தொட்டி, மறுபடி மெழுகு, சோகா மரப்பட்டையின் பழுப்பு, கடைசியில் கொதிநீரில் மெழுகை உருக்கியெடுப்பது. ஒரு துணிக்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும்.

யாரும் பார்க்காத பக்கத்தை ஏன் எழுத வேண்டும்? தொழிலறிந்தவர்களுக்கு விடை எளிது. அங்கே மெழுகு இல்லாவிட்டால் சாயம் அந்த வழியாகப் புகுந்து முன்பக்கத்துக் கோட்டையும் கலைத்துவிடும். இந்த எளிய விடையை நான் பல நாள் கடந்து போக முடியாமல் நின்றிருக்கிறேன். காணும் பக்கத்தைக் காத்து நிற்பது காணாத பக்கம் என்பது ஒரு துணியின் இயல்பு மட்டுமா? பிறர் கண் படாத இடத்தில் நாம் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான், பிறர் கண்முன் நாம் நிற்கும்போது நம் கோடுகளைத் தெளிவாக வைக்கிறது, அல்லது கசியவிடுகிறது.

இப்படி நினைக்கத் தொடங்கினால் ‘நினைவுப் பொருள்’ என்ற நம் சொல்லே தடுமாறுகிறது. யாருடைய நினைவு? நாம் அங்கே போய்வந்தோம் என்ற நம் நினைவை அதில் கட்டி எடுத்துவருகிறோம். துணியோ வேறொன்றை நினைவில் வைத்திருக்கிறது: ஒரு பெண் அடுப்பருகே குனிந்திருந்த காலைகளை, கை சற்று நடுங்கிய ஓரிடத்தை, அந்த நடுக்கத்தை மறைக்க அவள் வைத்த கூடுதல் புள்ளியை.

அவள் யார் என்று கேட்டால், யோக்யகார்த்தாவுக்குத் தெற்கே இமோகிரியின் அரச கல்லறைக் குன்றடியில் இருக்கும் கிரிலோயோ என்ற ஊருக்குப் போக வேண்டும். தலைமுறைகளாக அவ்வூர்ப் பெண்கள் மெழுகு எழுதினார்கள். சாயம் ஏற்றியது நகரத்து வியாபாரிகள். எழுதி முடித்த துணியைப் பெண்கள் கூலிக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். தான் எழுதியது எந்த நிறத்தில் மலர்ந்தது, எவர் தோளில் ஏறியது என்பது எழுதியவளின் வீட்டை எட்டியதில்லை. 2006 மே 27 அன்று நிலநடுக்கம் வந்தது. அந்த வட்டாரத்தில் 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகள் இடிந்த அந்த ஊருக்கு உதவ வந்தவர்களின் துணையோடு, பெண்கள் சாயம் ஏற்றவும் குழுவாகச் சேர்ந்து தாங்களே விற்கவும் கற்றுக்கொண்டார்கள். தங்கள் துணியை முழுமையாகப் பார்க்கும் உரிமை, இடிபாடுகளுக்குப் பிறகுதான் அவர்களுக்குக் கிடைத்தது. இதை எழுதும்போதும் என் மனம் கனக்கிறது.

2009-இல் யுனெஸ்கோ இந்தோனேசிய பாத்திக்கை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அது நடந்த அக்டோபர் 2-ஐ நாடு ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. நல்லதுதான். ஆனால் பட்டியல் ஒரு பெயரைக் காக்கும்; கையைக் காப்பது, சந்தையில் துணியைத் திருப்பிப் பார்க்கும் இன்னொரு கை. மலிவான அச்சுத் துணியை வாங்குகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோர் பையிலும் ஒரே அளவு பணம் இல்லை. அச்சை அச்சென்று அறிந்து வாங்குவதில் பொய்யும் இல்லை. குறை எங்கே இருக்கிறதென்றால், வேறுபாட்டை அறியும் விருப்பமே இல்லாமல் போவதில்.

முன்பு யோக்யகார்த்தா அரண்மனைக்கென்றே ஒதுக்கப்பட்ட வடிவங்கள் இருந்தன. சாய்ந்த அலைகளாக ஓடும் ‘பராங்’ வடிவத்தைக் குடிமக்கள் உடுத்தக் கூடாது என்றிருந்தது. துணி அன்று மனிதரைப் பார்த்து, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டது. அரண்மனைக்கு வெளியே அந்தத் தடை ஒழிந்தது நியாயம். பிறப்பைக் கொண்டு ஒரு கோட்டை உரிமை கொண்டாடுவதை மனசாட்சி ஏற்காது. ஆயினும் பிறப்பு விலகிய இடத்தில் பணம் வந்து அமர்ந்தபோது, துணி நம்மிடம் எதையுமே கேட்பதை நிறுத்திவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டோம். உண்மையில், குலமும் செல்வமும் தர முடியாத ஒரு தகுதியை, அதாவது பிறர் செலவிட்ட வாழ்நாளின் ஒரு பகுதி தன் கையில் இருக்கிறது என்று உணர்ந்து அதை ஏந்தும் தகுதியை, மனிதர் கையால் ஆன ஒவ்வொரு பொருளும் தன்னை எடுக்க வருகிறவரிடம் மௌனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கேள்வி காதில் விழாமலே நாம் பொருள்களைச் சேர்க்கப் பழகிவிட்டால், நாளடைவில் உடன் வாழும் மனிதரின் உழைப்பும் பொறுமையும்கூட நமக்கு ஒரு பக்கம் மட்டுமே சாயம் ஏறிய துணியாகத்தான் தெரியும்.

பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். நான்கைந்துக்கு வைத்திருந்த பணத்தில் ஒன்றுதான் வாங்க முடிந்தது. பணத்தை எண்ணி வாங்கியபின் அந்த அம்மா, சோப்பு கூடாது என்று கையசைத்துவிட்டு, ‘லெராக்’ என்று சொல்லிச் சில உலர்ந்த காய்களைக் காட்டினார். பார்த்ததும் தெரிந்தது: நம் பூந்திக்கொட்டைக்குச் சொந்தம்.

ஊரில் நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி ஊறவைத்து, நுரைத்த நீரில் துணியை அலசி, நிழலில் கொடியில் போட்டேன். மெழுகின் மெல்லிய வாசம் இன்னும் போகவில்லை. அத்தை வந்தார். ஈரத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி தூக்கினார்.

“ஏம்பா, இதுல எது மேல்பக்கம்?” என்றார்.