பழைய பாடலும் நேரிய தராசும்

‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்று படங்களும் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தவை. மூன்றுக்கும் பாடல் இயற்றியவர் கண்ணதாசன். இசையமைத்தோர் விசுவநாதன் – இராமமூர்த்தி இணையர். அவற்றைக் கேட்டு வளர்ந்தோர், அந்தக் காலம் இனி வருமா என்று ஏங்குவது இயல்பே. ஆயின், ஏக்கம் தீர்ப்பாக மாறும்போது நீதி பிறழ்கிறது. அதே ஆண்டுகளில் பிறந்து, மறக்கப்பட்ட பாடல்கள் எத்தனையோ! காலம் சலித்தெடுத்த மணிகளை இன்றைய சலிக்காத குவியலோடு ஒப்பிடுவது நேரிய தராசாகுமா? மேலும், நாம் தேடுவது பாடலையா, அதனைக் கேட்ட நம் இளமையையா? பாடல் இன்றும் நம்மோடு இருக்கிறது, இளமைதான் இல்லை. அந்த இழப்புக்கு இன்றைய இளைஞரின் இசையைக் குற்றவாளியாக்குதல் அறமன்று. பழையதைப் போற்றுவோம், புதியதற்குச் செவி மறுக்காதிருப்போம்.