தற்காலிகம் என்ற சலுகை

ஒரு காரியத்துக்காகச் செய்து, காரியம் முடிந்ததும் கழித்துவிடப்போகிற பொருளிடம் நமக்கு இருக்க வேண்டிய பொறுப்பு எவ்வளவு? கழிக்கப்போவதுதானே என்று ஏனோதானோவென்று செய்யலாமா? சில்லறைக் கேள்விதான். ஆனால் வழிமுறை, இலட்சியம் பற்றிய பெரிய விவாதங்களில் விடுபட்டுப்போன ஓர் இடத்தை இது தொடுகிறது என்று எனக்குப் படுகிறது. பழைய கார் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நண்பரின் ஷெட்டில், காரின் பாடியை இறக்கிவைக்க ஒரு டிராலி செய்தார்கள். அதைச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூட இருந்து பார்த்ததில் எழுந்த கேள்வி இது.

கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் இந்தப் பெயரில் தயாராயிற்று. அப்போது சிறிய கார்கள் பலவும் பாடியும் சேஸிஸும் ஒரே கூடாக அமையும் முறைக்கு மாறிவிட்டிருந்தன. ஹெரால்டு பழைய முறையிலேயே நின்றது. தனி சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. இந்தப் பாடிக்குச் சொந்த விறைப்பு அதிகம் கிடையாது. அதன் நிமிர்வு சேஸிஸிடம் கடன் வாங்கியது. போல்ட்டுகளைக் கழற்றி அப்படியே தூக்கினால் கதவு வாசல்களின் அளவு மாறிவிடும். ஆகவே தூக்குவதற்கு முன்பே வாசல்களின் குறுக்கே இரும்புக் குழாய் கொடுத்து முட்டுக்கட்டுகிறார்கள். பிறகு, சேஸிஸ் துரு சுரண்டி வர்ணம் பூசப் போயிருக்கும் மாதங்களில், அதன் ஸ்தானத்தில் இருக்கப்போவது டிராலி.

டிராலி பிரமாதமான வஸ்து அல்ல. இரண்டு அங்குலச் சதுரக் குழாயில் ஒரு நீண்ட சட்டம், இடையில் குறுக்குக் குழாய்கள், நான்கு மூலையிலும் பூட்டு வைத்த சுழல் சக்கரங்கள். சக்கரம் சின்னதாக இருந்தால் ஒரு கூழாங்கல் அதை நிறுத்திவிடும் என்று ஆறு அங்குலச் சக்கரம் போட்டார்கள். சேஸிஸில் பாடி எந்தெந்தத் துளைகளில் உட்கார்ந்திருந்ததோ அவற்றுக்கு நேராகத் தாங்கிகள். இவ்வளவுதான். ஆனால் டிங்கர், வெல்டிங்குக்கு முன் வெகுநேரம் டேப்பும் கையுமாக மூலைவிட்டங்களை அளந்துகொண்டிருந்தார். நான்கு பக்கங்களும் அளவில் சரியாக இருந்தும் சட்டம் கோணிக்கொண்டிருக்க முடியும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வந்தால்தான் நேர். வெல்டிங் முடிந்ததும் சூட்டில் இழுத்துக்கொண்டதா என்று மறுபடி அளந்தார். நாளைக்குக் காயலான் கடைக்குப் போகிற சட்டத்துக்கு இத்தனை எதற்கு என்று நண்பர் கேட்டார். "வண்டி இனிமே இதைப் பார்த்துத்தான் சார் நிமிரும்" என்றார் அவர்.

உண்மைதான். காரின் தரைத்தகடு துருவேறிப் போயிருக்கிறது. பாடி டிராலியில் இருக்கும்போதுதான் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். டிராலி கால் அங்குலம் முறுக்கியிருந்தால் பாடியும் அந்த முறுக்குக்கு இணங்கி உட்காரும். அந்த நிலையில் பற்றவைத்தால் முறுக்கு நிரந்தரமாகிவிடும். டிராலி போய்விடும். கதவு சாத்தாத கார் மிஞ்சும்.

கழிக்கப்படும் சாதனங்களுக்குத் தத்துவத்தில் இரண்டு உவமைகள் பிரசித்தம். ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்து போகவேண்டியதில்லை என்கிறது மஜ்ஜிம நிகாயத்தில் வரும் புத்தரின் உவமை. ஏறி முடித்தவன் ஏணியை எறிந்துவிட வேண்டும் என்று 1921இல் வெளிவந்த நூலின் முடிவில் சொல்கிறார் விட்கன்ஸ்டைன். இரண்டிலும் சாதனம் தடயமில்லாமல் விலகிக்கொள்கிறது. ஓட்டைத் தெப்பத்தில் வந்தவனுக்கும் கரை கரைதான். கோணல் ஏணியில் ஏறியவனுக்கும் மாடி அதே மாடிதான். இதற்கு எதிர்முனையில் காந்தி இருக்கிறார். 1909இல் எழுதிய ஹிந்த் ஸ்வராஜில், வழிமுறை வித்து, இலட்சியம் மரம் என்கிறார். ஆனால் டிராலி காரின் வித்தும் அல்ல. முடிந்த காரில் அதன் இரும்பு ஒரு துளியும் கிடையாது.

எனவே மூன்றாவதாக ஓர் உறவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருள் போய்விடும், அதன் வடிவம் தங்கிவிடும். கொத்தனார்களுக்கு இது பழைய சேதி. கான்கிரீட் போடும்போது சென்டரிங் பலகை தொய்ந்திருந்தால், பலகையைப் பிரித்த பிறகும் கூரையில் அந்தத் தொய்வு இருக்கும். பலகையின் ரேகைகூடப் பதிந்திருக்கும்.

'இப்போதைக்கு' என்ற வார்த்தைக்கு நாம் ஓர் ஒழுக்கச் சலுகை கொடுத்துவைத்திருக்கிறோம். கொஞ்ச காலத்துக்குத்தான் என்றால் எதையும் சகித்துக்கொள்ளலாம் என்பது அதன் உட்பொருள். 1950இல் தடுப்புக் காவல் சட்டம் சுமார் ஓராண்டுக்கென்றே இயற்றப்பட்டது. திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு 1969 கடைசிவரை இருந்தது. அது காலாவதியானதோடு விஷயம் தீரவில்லை. விசாரணையில்லாமல் ஆளை உள்ளே வைக்கலாம் என்பது அதற்குள் நம் பொதுவாழ்வில் ஒரு சகஜமாகிவிட்டிருந்தது. 1971இல் மிசா வந்து உட்கார இடம் தயாராக இருந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. 1959இல் 'எழுத்து' தொடங்கியதை ஒட்டிய ஆண்டுகளில் பரவிய 'புதுக்கவிதை' என்ற பெயர், ஒரு புதிய முயற்சியை இறக்கிவைக்கத் தேவைப்பட்ட சட்டம். அறுபது வருஷத்துக்குப் பிறகும் அந்தப் 'புது' கழன்றபாடில்லை. பெயர் நீடித்தது குற்றமில்லை. யாப்பு இல்லாதது எது என்று கேட்டே கவிதையை அடையாளம் காணும் பழக்கத்தை அது விமர்சனத்தில் பற்றவைத்துவிட்டது. இல்லாததைச் சொல்லித் தொடங்கிய விமர்சனம், இருப்பதைச் சொல்லத் தாமதித்தது.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். சாதனத்தை இழைத்துக்கொண்டிருந்தால் காரியம் எப்போது நடக்கும்? டிராலிக்கு வர்ணம் அடித்துவிட்டு, காரைச் சுவரோரம் தள்ளிவைக்கும் வசதிக்கு மட்டுமே அதை உபயோகிப்பவர்களும் இருக்கிறார்கள். சக்கரம் வைத்த பாரம் உறுத்துவதில்லை.

பதில் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. குழாய்கள் பழைய இரும்புக் கடையில் வாங்கியவை. ஓரங்கள் ராவப்படவில்லை. துருவை யாரும் துடைக்கவில்லை. அதில் யாருக்கும் கவலையில்லை. இரண்டு விஷயங்களில்தான் விட்டுக்கொடுக்கவில்லை: மூலைவிட்டம், தாங்கிகளின் மட்டம். அதாவது, காரைத் தொடுகிற இடங்கள். தற்காலிகமானது அவலட்சணமாக இருக்கலாம், மலிவாக இருக்கலாம், அவசரத்தில் செய்ததாகக்கூட இருக்கலாம். நிரந்தரமானதைத் தொடும் இடத்தில் அது பொய்யாக இருக்கக்கூடாது. நேர்த்திக்கும் நேர்மைக்கும் உள்ள வித்தியாசம் இது என்று நினைக்கிறேன். முன்னதை நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம்.

ஆகவே ஓர் ஏற்பாட்டைத் தற்காலிகம் என்று யாராவது சொல்லும்போது, எத்தனை நாளைக்கு என்று கேட்பது போதாது. அத்தனை நாளும் அதன்மேல் எது உட்கார்ந்திருக்கப்போகிறது என்று கேட்க வேண்டும்.