தெரியாத பாதையில் வரும் அச்சம்

ஜும்ஆ உரை



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்புச் சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு எனக்கும் உங்களுக்கும் முதலில் நினைவூட்டிக் கொள்கிறேன்.

சில நாட்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தம்பி தூண் பக்கம் தயங்கித் தயங்கி நின்றார். திருவாரூர் பக்கத்துக் கிராமம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து வந்து மூன்று மாதம் ஆகிறது. காலை ஷிஃப்டுக்கு பஸ் சரியாக அமையாததால் ஒரு பழைய சைக்கிள் வாங்கி அதில் போகிறார்.

அவர் சொன்னார்: "ஹஜ்ரத், ஊர்ல ரெண்டு கையையும் விட்டுட்டு வாய்க்கால் கரையில ஓட்டுனவன் நான். இங்க ஏறி உட்கார்ந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. பின்னாடி கன்டெய்னர் லாரி சத்தம் கேட்டா கை நடுங்குது. ஒரு நாள் வழி தப்பிப் போய், திரும்பத் தெரியாம ரோட்டு ஓரத்துல நின்னுட்டேன். அல்லாஹ் இருக்கான்னு சொல்றோம், ஆனா எனக்கு இவ்வளவு பயம் வருதே. என் ஈமான்ல கோளாறா ஹஜ்ரத்?"

சைக்கிளைப் பற்றிக் கேட்க வந்தவர் போலத் தெரிந்தாலும், அவர் மனதை அரித்தது அந்தக் கடைசிக் கேள்விதான். இன்று அதற்கான பதிலைத்தான் பார்க்கப் போகிறோம்.

பயம் வருவது ஈமானின் குறை அல்ல

சகோதரர்களே! அறியாத பாதையில் அஞ்சி நடந்த ஒருவரின் வரலாற்றை அல்லாஹ் ஸூரா அல்கஸஸில் சொல்லிக் காட்டுகிறான். அவர் சாதாரண மனிதர் அல்ல, மூஸா (அலை) அவர்கள். எகிப்தில் தம்மைக் கொல்ல ஆலோசனை நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஊரை விட்டு வெளியேறுகிறார்கள். அஞ்சியவராக, அக்கம்பக்கம் கவனித்தவராக வெளியேறினார் என்றே அல்லாஹ் அவர்களைப் பற்றிச் சொல்கிறான். அந்த அச்சத்தை அவன் மறைக்கவில்லை. அதற்காக அவர்களைக் கண்டிக்கவும் இல்லை.

பிறகும் அவர்களுக்கு அச்சம் வந்தது. கைத்தடி பாம்பாக நெளிந்தபோது திரும்பி ஓடினார்கள். ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோது, அவன் எங்கள் மீது வரம்பு மீறுவான் என அஞ்சுகிறோம் என்று சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களோடு சேர்ந்து அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அதற்கு அல்லாஹ், அஞ்ச வேண்டாம், நான் உங்கள் இருவருடனும் இருக்கிறேன், கேட்கிறேன், பார்க்கிறேன் என்று ஆறுதல் தந்தான்.

நபிக்கே வந்த அச்சம் நமக்கு வந்தால் அது ஈமான் இல்லாமை ஆகிவிடுமா? ஆகாது. பின்னால் வருவது லாரி என்று காது சொல்கிறது, உடல் உஷாராகிறது. அதுவும் அல்லாஹ் நம்மைக் காக்க வைத்த ஏற்பாடுதான். அந்த அச்சத்தோடு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் ஈமான் வெளிப்படுகிறது.

மூஸா (அலை) அவர்கள் என்ன செய்தார்கள்? மத்யன் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பினார்கள். என் இறைவன் எனக்கு நேரான வழியைக் காட்டக் கூடும் என்று நம்பிக்கையோடு சொன்னார்கள். பாதை தெரிந்தவர் பேசும் பேச்சு அல்ல இது. முழு வழியும் தெரிந்த பிறகு புறப்படலாம் என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. கேட்டார்கள், நடந்தார்கள்.

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

அதே நேரம், பயத்தை விரட்ட துஆ மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடட்டுமா என்று கேட்டவருக்கு, அதைக் கட்டிவிட்டு அவன் மீது நம்பிக்கை வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். திர்மிதியில் வரும் செய்தி இது.

ஹிஜ்ரத்தைப் பாருங்கள். அல்லாஹ்வின் உதவி நிச்சயம் என்று நபி (ஸல்) அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்ற வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிம் கூட இல்லை. ஆனால் பாதை தெரிந்தவர். ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் காத்திருந்து, பிறகு கடற்கரைப் பாதை வழியாகப் போனார்கள். முன்னேற்பாடும் தவக்குலும் சேர்ந்தே போயின.

அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். முதலில் பிரேக்கைச் சரி பாருங்கள், பெல் போடுங்கள், முன்னால் விளக்கும் பின்னால் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிகள் குறைவாக இருக்கும்போது அதே வழியில் நிதானமாக ஒரு தடவை போய் வாருங்கள். பள்ளம் எங்கே, சாக்கடை மூடி எங்கே, நாய்கள் எங்கே படுத்திருக்கும் என்று பார்த்து வையுங்கள். தெரியவில்லை என்றால் இறங்கிக் கேளுங்கள். வாயிலே இருக்கிறது வழி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? பெரிய சந்திப்பில் பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்து போங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஏறும்போது பிஸ்மில்லாஹ் சொல்லி வாகன துஆவை ஓதுங்கள். இந்த வாகனத்தை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், எங்களால் அது முடிந்திராது, நாங்கள் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பதே அதன் கருத்து. கார் வைத்திருப்பவருக்கு மட்டும் உரிய துஆ என்று நினைக்காதீர்கள். இரண்டு சக்கரத்தில் நாம் விழாமல் போவதும் அவன் வசப்படுத்தித் தந்ததால்தான்.

இவ்வளவு செய்தும் மூச்சு முட்டுகிறது, தூக்கம் போகிறது, வேலைக்கே போக முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவம் செய்வதும் சுன்னத்தே.

ஊர்க்காரர்களின் கடமை

சகோதரர்களே! இதுவரை அந்தத் தம்பிக்குச் சொன்னேன். இனி நமக்கு.

மூஸா (அலை) அவர்கள் மத்யன் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒருவரையும் தெரியாது. ஆனாலும் கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு நிழலில் ஒதுங்கினார்கள். இறைவா, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுள்ளவன் என்று கேட்டார்கள். அந்தப் பெண்களின் தந்தை அவர்களை வீட்டுக்கு அழைத்து, நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை என்ன? பயப்படாதே. அந்நியர் ஒருவருக்கு அந்த ஊரில் கிடைத்த வரவேற்பு அதுதான்.

நம் ஊருக்கு வருகிறவருக்கு நாம் என்ன தருகிறோம்? காது கிழிய ஹாரன் அடித்து, "எங்கடா பார்த்துப் போறே" என்று திட்டுகிறோம். பயணத்தில் தூங்கிய ஒரு தோழரின் கயிற்றை மற்றவர்கள் விளையாட்டாக எடுத்தபோது அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது. ஒரு கயிற்றுக்கே இப்படி என்றால், சைக்கிள்காரர் முதுகுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஆக்ஸிலேட்டரை முறுக்கும் வாலிபர்களே, யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மனம் கோணாமல் கேளுங்கள். இப்போது வெளியே போய்ப் பாருங்கள். நம்முடைய வண்டிகள் ரோட்டின் பாதி வரை நிற்கின்றன. ஓரமாகப் போக வேண்டிய சைக்கிள்காரர் நம்மால்தான் லாரியின் பாதைக்குத் தள்ளப்படுகிறார். அவர் முஸ்லிமோ மாற்று மதச் சகோதரரோ, பாதையின் உரிமை அவருக்கும் உண்டு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்துவிட்டு, நாமே தொல்லையாக நிற்கலாமா? அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் நிறுத்துங்கள். நூறு அடி கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வழி தெரியாமல் நிற்பவருக்கு வழி காட்டுவதும் ஸதகாதான். காசு செலவில்லாத ஸதகா. நாளைக் காலை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு யாராவது தயங்கி நின்றால், நீங்களே போய்க் கேளுங்கள்: "எங்கே போகணும் தம்பி? பயப்படாதீங்க."

யா அல்லாஹ்! வயிற்றுப்பாட்டுக்காக அறியாத ஊர்களில் அலையும் எங்கள் பிள்ளைகளை உன் பாதுகாப்பில் வைப்பாயாக! அவர்களின் அச்சத்தை அமைதியாக மாற்றுவாயாக! புறப்பட்டவர்களை நலமாக வீடு சேர்ப்பாயாக! பிறருக்குப் பாதையை இலகுவாக்கும் மக்களாக எங்களை ஆக்குவாயாக!

ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.