கரண்டி பிடித்த கையைத் தாழ்த்தாதே!

"சும்மா, ஒரு கேன்டீன்லதான் சார் ட்ரெய்னிங்" என்று ஏன் தம்பி இழுக்கிறாய்? ஒரு பருவம் முழுக்கப் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் நின்றிருக்கிறாய். விடியுமுன் ஸ்டோருக்குப் போய் இன்டென்ட் எழுதிப் பொருள் எடுத்திருக்கிறாய். காய் நறுக்கி, அண்டா தூக்கி, தட்டு கழுவி, லாக் புக்கில் கடைசிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாய். கூடப் படித்தவன் ஐந்து நட்சத்திர ஓட்டலில் பயிற்சி முடித்தான் என்பதற்காக, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கோவளம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த லாக் புக்கைப் பைக்குள் ஒளிக்க வேண்டுமா? எடு வெளியே!

நீ நிற்கிற மண் எது என்று ஒரு தடவை சுற்றிப் பார். பக்கத்திலேயே புத்தரிக்கண்டம் மைதானம். 2025 ஜனவரி 4 முதல் 8 வரை கேரளப் பள்ளிக் கலோத்சவம் திருவனந்தபுரத்தில் நடந்தபோது ஊட்டுபுரை என்கிற சாப்பாட்டுக்கூடம் போட்டது அந்த மைதானத்தில்தான். நகரமெங்கும் மேடைகள். ஆடிய பிள்ளையும் பாடிய பிள்ளையும், கூட வந்த ஆசிரியரும், பசி என்றதும் தேடி வந்த இடம் அது ஒன்றே. அடுப்புக்குத் தலைமை பழயிடம் மோகனன் நம்பூதிரி. சமைத்துப் போட்டே ஒரு மாநிலத்துக்குத் தெரிந்த பெயராகிவிட்டவர் அவர். சமையற்காரன் என்று சொல்லிக்கொள்ள அவர் கூசியிருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா?

இன்னும் உள்ளே போ. கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒரு முறை 56 நாள் வேதம் ஓதும் முறஜபம். மன்னராட்சிக் காலத்தில் அந்த நாட்களில் சோறு போடுவது அரசாங்கமே முன்னின்று நடத்திய பெரிய காரியம். ஆனால் ஒன்றை மறக்காதே. அந்தப் பந்தியில் இலை எல்லாருக்கும் விழவில்லை, பிராமணருக்கே விழுந்தது. கோயில் வாசலே எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ல்தான். அடுத்த ஆண்டு, 1937-ல், இதே ஊரில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதுதான் இன்றைய கேரளப் பல்கலைக்கழகம். இப்போது சொல். உன் கவுன்டருக்கு முன்னால் வரிசையில் வந்த பிள்ளைகளில் ஒருவனையாவது "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டாயா? தட்டை நீட்டினான், சாதம் போட்டாய். நூற்றாண்டுக் கணக்கில் இந்த நாட்டால் முடியாமல் இருந்ததைத் தினமும் மதியம் ஒரு மணிக்குச் செய்துவிட்டு வந்திருக்கிறாய். இது சின்ன வேலையா?

நட்சத்திர ஓட்டல் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே ஒரு தட்டை அழகு பார்த்து அனுப்பும் கலையைக் கற்கலாம். ஆனால் அங்கே சாப்பாடு பிடிக்காதவன் அடுத்த ஓட்டலுக்குப் போய்விடுவான். ஹாஸ்டல் பிள்ளைக்கு வேறு போக்கிடம் கிடையாது. காசர்கோட்டிலிருந்து வந்தவனும் கன்னியாகுமரியிலிருந்து வந்தவளும் மூன்று வேளையும் உன் அடுப்பையே நம்பியிருக்கிறார்கள். நாளைக்குப் பரீட்சை என்கிற பெண்ணின் வயிறு இன்று ராத்திரி கெட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. அந்தப் பொறுப்பைச் சுமந்து பழகிய தோள் உன்னுடையது.

அப்படி என்ன கற்றேன் என்று கேட்கிறாயா? மட்ட அரிசி எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எப்போது வடித்தால் குழையாது என்று இன்று உன் கை சொல்லும். நான்கு பேர் குழம்பில் உப்புக் கூடினால் சமாளித்துக்கொள்ளலாம். அண்டாக் குழம்பில் கூடினால் முந்நூறு பேர் சாப்பாடு போச்சு. அதனால்தான் பெரிய சமையற்காரர் உப்பைக் குறைத்துப் போட்டு, கொதித்த பிறகு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். அதை நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிரில் வைப்பது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. வகுப்பில் இது ஒரு மார்க் கேள்வி. இந்த ஊர்ப் புழுக்கத்தில், தேங்காய் அரைத்துச் சேர்த்த அவியல் மதியம் தாண்டினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவனுக்கு அது வாழ்நாள் பாடம். எல்லாவற்றுக்கும் மேலே, நேரம்! வகுப்பு மணி அடித்தால் கூட்டம் வந்தே தீரும். "இன்னும் பத்து நிமிஷம்" என்று சொல்ல முடியாத இடத்தில் வேலை பார்த்தவன் எந்த அடுப்பங்கரையிலும் பதற மாட்டான்.

கேன்டீனில் தொடங்கினால் கேன்டீனோடு முடிந்துபோவோம் என்று பயமா? சென்னை பாட்ரிசியா நாராயணைத் தெரிந்துகொள். 1982-ல் மெரினாவில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 காசு. மறுநாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். பிறகு குடிசை மாற்று வாரிய அலுவலகத்துக் கேன்டீன், வங்கிக் கேன்டீன் என்று வளர்ந்து, துறைமுக மேலாண்மை படிக்கும் மாணவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடும் பொறுப்பை ஏற்றார். உணவகங்கள் அதற்குப் பின்னால் வந்தவை. 2010-ல் ஃபிக்கி என்னும் தொழில் வணிகக் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது அவருக்கு. கேன்டீன்தான் அவருக்குப் படிக்கட்டு! தொழிலுக்கே மதிப்பில்லை என்று நினைக்கிறாயா? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-லேயே ஓட்டல் நிர்வாகத்தைப் பட்டப்படிப்பாக்கியது. உலகம் நூறு ஆண்டாக மதித்துப் படிக்கிற தொழிலை நீ ஏன் முணுமுணுத்துச் சொல்கிறாய்?

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பெருமை பேசினால் மட்டும் வேலை கிடைக்காது. நேர்காணலில் "கிச்சனில் இருந்தேன் சார்" என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், எத்தனை மணிக்குள் பந்தி முடிந்தது, மிச்சத்தைக் குறைக்க என்ன செய்தீர்கள், ஸ்டோரில் பழைய மூட்டையை முதலில் எடுக்கும் பழக்கத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள்? இதையெல்லாம் எண்ணோடு சொல்லத் தெரிய வேண்டும். சான்றிதழில் இருப்பது உன் பெயரும் தேதியும்தான். மீதியை நீதான் சொல்ல வேண்டும்.

ஆகவே நாளைக்கு என்று தள்ளாதே. சாலைக் கடைத்தெருவில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. நூறு பேருக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று கையில் நிற்பதையெல்லாம் மறக்கும் முன் இன்று ராத்திரியே எழுதி வை. உனக்குக் கற்றுக்கொடுத்த சமையற்கார அண்ணனையும், காய் நறுக்கக் கத்தி பிடிக்கச் சொல்லித் தந்த அக்காவையும் நேரில் போய்ப் பார்த்து நன்றி சொல். பிறகு உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் எழுது. பயிற்சி பெற்ற இடம் என்று கேட்டிருக்கும் கட்டத்தில் 'பல்கலைக்கழக உணவுக்கூடம்' என்று முழுசாக எழுதி, நாளைக் காலையில் முதல் வேலையாக அனுப்பிவிடு.